மங்குக்குப் பூசும் டியூபில் என்ன இருக்கிறது? வில்லியனூர், பாகூர் மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளைச் சேர்ந்த மகளிர் சுயஉதவிக் குழு அக்காமார்களுக்கும் தங்கச்சிகளுக்கும்,



மருந்துக்கடைக் கவுன்ட்டருக்கு உள்பக்கம் நிற்கும் ஒருத்தி எழுதும் மடல் இது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வருகிறவர்கள் டாக்டர் சீட்டோடு வருகிறார்கள். மங்குக்கு வருகிறவர்கள் அப்படி வருவதில்லை. தீர்ந்துபோன டியூபைச் சுருட்டி முந்தானையில் முடிந்து எடுத்து வருகிறார்கள். இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நீட்டுகிறார்கள். "இதே குடும்மா. எங்க குழுவுல ஒருத்தவங்க போட்டாங்க, பத்தே நாள்ல முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு." ஒருவருக்குப் பளிச்சென்று ஆகிவிட்டால், அடுத்த தவணை கட்டும் நாளுக்குள் குழுவில் பாதிப் பேர் அதே டியூபைக் கேட்டு வந்துவிடுகிறார்கள். அதனால்தான் ஆள் ஆளாகச் சொல்வதை விட்டுக் குழுக்களுக்கே எழுதத் தோன்றியது.

நான் பேச வந்தது மங்கு, கரும்புள்ளி, பரு போன இடத்தில் தங்கும் கறை, வெயிலில் திட்டுத்திட்டாகக் கறுத்த நெற்றி இவற்றைப் பற்றி. உங்கள் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நிறம் நோயல்ல, அதற்கு மருந்தும் இல்லை. "பொண்ணு மாநிறம், முகூர்த்தத்துக்குள்ள கொஞ்சம் தூக்கிக் காட்டணும்" என்று கேட்டு வரும் அம்மாக்கள் இன்னும் இருப்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன். கறுப்பும் அழகுதான் என்று சென்னையிலிருந்து 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற பிரசாரம் கிளம்பியது. 1975-இல் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லைக் கழற்றிவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆகிவிட்டது. நம் வடமங்கலத்திலேயே ஆலை வைத்திருக்கும் நிறுவனத்தின் சரக்குதான். பெயர் மாறி இத்தனை வருடம் ஆகியும் கடைக்கு வருகிறவர்கள் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எந்த க்ரீமாக இருந்தாலும் அதைப் போட்டால் என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. இந்த இரண்டாவது கேள்வியை வைத்துத்தான் நான் ஒவ்வொரு மருந்தையும் எடை போடுகிறேன். நீங்களும் அப்படிச் செய்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

தோலுக்குக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். மேல்தோலின் அடிவரிசையில் மெலனின் என்ற நிறமியைச் செய்யும் செல்கள் இருக்கின்றன. வெயில் பட்டாலும், ரத்தத்தில் ஹார்மோன் ஏறினாலும், பரு, புண், உரசல் என்று எது வந்தாலும் அவை நிறமியைக் கூட்டிச் செய்து சுற்றியுள்ள செல்களுக்கு அனுப்பும். மெலனின் தோல் தனக்குத்தானே பிடித்துக்கொள்ளும் குடை. அந்தக் குடை ஓரிடத்தில் மட்டும் அளவுக்கு மீறி விரிந்துவிட்டால் மங்கு. நிறமி செய்வதற்கு டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். கடையில் விற்கும் கறை நீக்கும் பொருட்களில் பெரும்பாலானவை அந்த நொதியை மட்டுப்படுத்துகின்றன. சில, செய்த நிறமி பக்கத்துச் செல்லுக்குப் போகாமல் தடுக்கின்றன. இன்னும் சில, மேல்தோல் சீக்கிரம் உதிர்ந்து புதுத்தோல் வர உதவுகின்றன. மேல்தோல் முழுதாகப் புதுப்பித்துக்கொள்ள ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் ஒழுங்கான எந்த மருந்தும் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் வேலை காட்டாது. பத்தே நாளில் பளிச்சென்று ஆகிறதென்றால் அந்த டியூபில் வேறு ஏதோ இருக்கிறது.

பெரும்பாலும் அது ஸ்டீராய்டுதான்.

பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்ற நான்கு பெயர்களை மனதில் வையுங்கள். எழுத்து ஆங்கிலத்தில் பொடிப்பொடியாக இருக்கும், பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இவை நல்ல மருந்துகள். கரப்பான், சொரியாசிஸ், பூச்சிக்கடித் தடிப்பு ஆகியவற்றுக்கு டாக்டர் எழுதித் தரும்போது குணம் தெரியும். முகத்தில் பூசினால் ரத்தக்குழாயைச் சுருக்கி, வீக்கத்தை அடக்கி, நிறமி செய்வதையும் குறைத்துவிடும். முதல் வாரத்திலேயே முகம் வெளுக்கும், பரு அடங்கும், வழவழப்பாகும். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால் தோல் மெலிந்துவிடும். கவுன்ட்டருக்கு முன்னால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் அப்படிப்பட்ட முகத்தைப் பார்த்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். கன்னத்தில் மெல்லிய சிவப்பு ரத்தக்குழாய்கள் மேலே தெரியும். தாடையோரத்தில் ஒரே அளவில் பொடிப்பொடியாகப் பரு இருக்கும். மேலுதட்டிலும் காதோரத்திலும் முன்பில்லாத பூனைமுடி. வெயிலில் இரண்டு நிமிடம் நின்றால் முகம் எரிகிறது என்பார்கள். நிறுத்திப் பார்த்தீர்களா என்றால், "நிறுத்துனா முகம் நெருப்பா எரியுது, முன்ன இருந்ததவிடக் கறுத்துப் போவுது, அதான் திரும்பப் போட்டுக்கிட்டேன்" என்று பதில் வரும். நிறுத்த முடியாமல் போவதுதான் இந்த மருந்து முகத்தைப் பிடித்துக்கொண்டதற்கு அடையாளம்.

தோல் மருத்துவர்கள் இதற்கு ஒரு நோய்ப்பெயரே வைத்துவிட்டார்கள்: ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம். இந்தியாவின் பல ஊர்களில் தோல் மருத்துவமனைகளுக்கு முகக்கோளாறோடு வந்த 2,926 பேரைக் கேட்டறிந்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 433 பேர், அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர், முகத்தில் ஸ்டீராய்டு பூசியவர்கள். இதற்குப் பிறகு 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத 'ஷெட்யூல் எச்' பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன, நீங்களும் நானும் அறிவோம். ஆகவே சட்டத்தை நம்பி டியூபைத் திறக்காதீர்கள். பெட்டியில் 'ஆர்எக்ஸ்' என்ற எழுத்து இருந்தால் அது பவுடர், ஸ்நோ வகையறா அல்ல, மருந்து.

மூன்று மருந்து கலந்த க்ரீம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்துக் கறை நீக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் கிளிக்மன் 1975-இல் எழுதினார். கலவை உண்மையிலேயே பலமானது. மங்குக்கு டாக்டர்கள் இன்றும் முதலில் நினைப்பது இதைத்தான். அமெரிக்காவில் இதற்கு அனுமதி தந்தபோது எட்டு வாரக் கணக்கில்தான் தந்தார்கள். நம் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் மொமெட்டசோன் என்ற, அங்கே சேர்த்ததைவிட வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. எட்டு வாரத்துக்கு எழுதித் தந்ததை எட்டு வருடம் போட்டவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் எழுதிய பழைய சீட்டு கையில் இருப்பதாலேயே மருந்து இன்றைக்கும் பொருந்தும் என்றாகாது. ஒருவருக்கு எழுதியது ஓரகத்திக்கும் பொருந்தும் என்றும் ஆகாது.

ஹைட்ரோகுவினோனைத் தனியாகவும் விற்கிறார்கள். இந்த வேதிப்பொருளின் கதை சுவையானது. முன்பு ஸ்டூடியோக்களின் இருட்டறையில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவும் திரவத்தில் இது இருந்தது. 1939-இல் அமெரிக்காவில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் ரப்பர் கையுறை போட்டு வேலை செய்தவர்களுக்குக் கையில் வெள்ளை விழுந்தது. காரணம் தேடியபோது ரப்பரில் கலந்திருந்த, ஹைட்ரோகுவினோனின் பங்காளி ஒன்று அகப்பட்டது. அந்த வழியில்தான் இந்தக் குடும்பம் தோல் மருத்துவத்துக்குள் வந்தது. நிறமி செய்யும் நொதியை நேரடியாகத் தடுப்பதால் நல்ல பலன் தருகிறது. டாக்டர் கண்காணிப்பில் மூன்று நான்கு மாதம் போட்டு நிறுத்தினால் கவலையில்லை. வருடக்கணக்கில், அளவுக்கு மீறிப் பூசினால் சிலருக்கு நீலம் கலந்த கறுப்பு படிந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் இப்படி ஆனதை 1975-இல் பதிவுசெய்தார்கள். கறுப்பை நீக்கப் போட்ட மருந்தே கறுப்பைக் கொடுத்து, அது கடைசிவரை போகாமல் நின்ற கதைகள் அவை. ஐரோப்பாவில் 2001 முதல் அழகு க்ரீம்களில் இதற்கு இடமில்லை. பூசியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்புக்குள் போவதால் கர்ப்பிணிகள் இதைத் தொடக் கூடாது. டிரெட்டினாயினுக்கும் அதே விதி.

அடுத்தது பெயரே இல்லாத டப்பா. துபாயிலிருந்து வந்த தம்பி கொண்டுவந்தது, பார்லரில் "ஃபார்முலா க்ரீம்" என்று கலக்கிக் கொடுத்தது, இணையத்தில் வாங்கியது என்று பல வழியில் வருகிறது. இவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கலில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரக வடிகட்டி கெட்டுப்போய் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு வந்திருந்தது அபூர்வமான ஒரு வகை நோய். அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். கால் வீங்கி, சிறுநீரில் நுரை தட்டி வந்திருக்கிறார்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஒரு ஆறுதல். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனை போட்டது.

பாதரசத்தைக் கண்டுபிடிக்க ஒரு துப்பு சொல்கிறேன். டப்பாவில் பாதரசம் என்று எழுதியிருக்க மாட்டார்கள். "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்" என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாக்கிவிடும், நகைக்கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். தாலிச் சங்கிலிக்கு ஆகாத க்ரீம் கழுத்துக்கு மட்டும் எப்படி ஆகும்? இந்திய விதிகளின்படி முகப்பூச்சில் பாதரசம் தற்செயலாகக் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண் எதுவும் இல்லாத டப்பாவுக்கு அந்த விதியெல்லாம் பொருட்டில்லை. பூசியவர் முகத்திலிருந்து மடியில் கிடக்கும் குழந்தைக்கும் அது ஒட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் வேகமாக வேலை செய்பவை. இனி மெதுவானவை. என் மனம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது, மறைக்கவில்லை.

இவற்றில் எனக்குப் பிடித்தது அசிலெய்க் அமிலம். நம் ஆண்களின் முதுகில் வெளுப்பாகத் தேமல் வருகிறதே, அந்தத் தேமல் ஏன் தோலை வெளுக்க வைக்கிறது என்று 1970-களில் இத்தாலிய ஆய்வாளர்கள் தேடிப் போனார்கள். தேமலை உண்டாக்கும் ஈஸ்ட்டை ஆராய்ந்தபோதுதான் இந்த அமிலத்தின் மீது கண் விழுந்தது. கோதுமை, பார்லி தானியங்களிலும் இது இருக்கிறது. நல்ல செல்லை விட்டுவிட்டு, அளவுக்கு மீறி வேலை செய்யும் நிறமிச் செல்லையே இது அதிகம் அடக்குகிறது. பருவையும் குறைக்கிறது. 20 சதவீத அசிலெய்க் க்ரீமையும் 4 சதவீத ஹைட்ரோகுவினோனையும் 24 வாரம் பூசவைத்து ஒப்பிட்ட ஆய்வு 1991-இல் வந்தது. முடிவில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக நின்றன. கர்ப்பிணிகளுக்கும் டாக்டர்கள் தயங்காமல் எழுதும் கறைமருந்து இது. தொடக்கத்தில் சுருசுருவென்று அரிக்கும். அந்த அரிப்பில் பயந்து இரண்டாம் நாளே டியூபைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள், பயறளவு, ஈரம் காய்ந்த முகத்தில் தொடங்கினால் அரிப்பு தாங்கும்படி இருக்கும். நிறுத்தினால்? மங்கு மெல்லத் திரும்பலாம். எரிச்சலோ கோரமோ வராது.

நயசினமைட் என்பது பி3 வைட்டமின். செய்த நிறமி அடுத்த செல்லுக்குக் கைமாறாமல் தடுப்பது இதன் வேலை. ஃபேர் அண்ட் லவ்லி டப்பாவில் ஆரம்பம் முதல் இருந்து வருவதும் இதுதான். விளம்பரம் செய்த அட்டகாசத்துக்கும் இந்தச் சாதுவான வைட்டமினுக்கும் சம்பந்தமே இல்லை. 4, 5 சதவீதத்தில் மூன்று மாதம் பூசினால் கொஞ்சம் மட்டுப்படும். யாருக்கும் பெரிதாகக் கெடுதல் செய்யாது. மங்கு லேசாக இருந்தால், பாலூட்டும் தாயாக இருந்தால் இதிலிருந்து தொடங்கலாம்.

வைட்டமின் சி சீரத்துக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். மோசமானது என்பதால் அல்ல. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் கெட்டுவிடும். தகரக் கூரையின் கீழே, ஃபிரிஜ் இல்லாத வீட்டில், சித்திரை மாதத்தில் அந்தக் குப்பி ஒரு மாதத்துக்குள் தேன்நிறமாகி, பிறகு பழுப்பாகிவிடும். பழுத்ததைப் பூசிப் பயனில்லை. இருக்கும் விலைக்கு இது நமக்கு ஆகிற செலவல்ல. கோஜிக் அமிலம் ஜப்பானில் சோறு புளிக்கவைக்கும் பூஞ்சையிலிருந்து 1907-இல் எடுத்தது. வேலை செய்யும், சிலருக்கு ஒவ்வாமையும் கொடுக்கும். அர்பியூட்டின் ஹைட்ரோகுவினோனின் சாதுவான உறவு. நம் நாட்டுமருந்துக் கடையின் அதிமதுரத்தில் உள்ள கிளாப்ரிடினும் இதே நொதியைத் தடுப்பதால் பல க்ரீம்களில் சேர்க்கிறார்கள். அதிமதுரப் பொடியைக் குழைத்துப் பூசினால் அதே அளவு உள்ளே போகும் என்று நினைக்க வேண்டாம்.

டிரானெக்சாமிக் அமிலம் உங்களில் பலர் அறிந்த மருந்து. தீட்டு நிற்காமல் போகும்போது தரும் மாத்திரையும், பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஊசியும் இதுதான். 1962-இல் ஜப்பானைச் சேர்ந்த உத்தாகோ ஒகமோத்தோ, ஷோசுகே ஒகமோத்தோ தம்பதி கண்டுபிடித்தார்கள். மங்கைக் குறைக்கிறது என்பது பிற்பாடு தற்செயலாகத் தெரியவந்தது. க்ரீமாகப் பூசினால் பயமில்லை. மாத்திரையாகச் சாப்பிடுவது டாக்டர் சொல்லி மட்டுமே, ஏனென்றால் ரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைச் சேர்த்துப் போட்டால் ஆபத்து இன்னும் கூடும். யூடியூபைப் பார்த்துவிட்டு "அந்த ரத்தம் நிக்கிற மாத்திரை ஒரு அட்டை குடுங்க, மங்குக்கு" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

கருத்தடை மாத்திரையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்திலும், மாலா-என் போன்ற மாத்திரை சாப்பிடும்போதும் மங்கு வரும். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு அது தானே மங்கிவிடும். மாத்திரையால்தான் மங்கு என்று சந்தேகம் வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் வேறு முறையைக் கேளுங்கள்.

அடுப்படி வைத்தியத்துக்கு வருகிறேன். பச்சைப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் சேர்த்து அரைத்த நலங்கு மாவு சோப்புக்குப் பதிலாக நல்லது. கறை போக்கும் என்று மட்டும் நம்பவேண்டாம். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் சாறும் வெயிலும் சேர்ந்து தோலைப் பொசுக்கிவிடும். சாறு வழிந்த தடமே கறுப்புக் கோடாக மாதக்கணக்கில் நிற்கும். பிளாஸ்டிக் நாரைப் போட்டு முதுகையும் முழங்கையையும் பரபரவென்று தேய்ப்பதால் அங்கே கறுப்பு கூடுமே தவிரக் குறையாது. உரசல் பட்ட தோல் நிறமியைக் கூட்டும் என்று மேலே சொன்னேனே, அதுதான்.

நெற்றிப் பொட்டையும் கவனியுங்கள். கோரிமேடு ஜிப்மரின் தோல் நோய்ப் பிரிவு மருத்துவர்கள் குங்குமத்தால் தோல் பாதிக்கப்பட்ட 46 பேரைப் பற்றி 2007-இல் எழுதியிருக்கிறார்கள். முன்பு மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமத்தில் இப்போது சாயம் கலக்கிறது. பொட்டு வைக்கும் இடத்தில் முதலில் அரிப்பு, பிறகு கறுப்பு. ஸ்டிக்கர் பொட்டின் பசையால் அதற்கு மாறாக வெள்ளை விழுகிறது. தலைக்குப் போடும் கறுப்பு டையால் நெற்றியோரமும் கன்னமும் கறுத்து, மங்கு என்று நினைத்து ஆறேழு டியூப் வாங்கித் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். காரணத்தை வைத்துக்கொண்டு க்ரீம் பூசினால் எந்த ஊர் க்ரீமும் பலிக்காது.

கழுத்துக் கறுப்பு இவை எல்லாவற்றையும்விட முக்கியம். பின்கழுத்தும் அக்குளும் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கு அல்ல. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறி அது. பதினைந்து வயதுப் பெண்பிள்ளைக்கு அப்படி இருந்து, மாதவிலக்கும் தள்ளித்தள்ளிப் போனால், க்ரீமுக்குச் செலவழிக்கும் பணத்தை வைத்துக்கொண்டு நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். சர்க்கரை சோதனை அங்கே காசில்லாமல் நடக்கிறது. "ஒழுங்கா தேய்ச்சுக் குளி" என்று அந்தப் பிள்ளையைத் திட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் மங்கு பற்றிப் பேசினால் அது பாதிப் பேச்சு. புதுச்சேரி இருக்கும் இடத்தில் சித்திரை, வைகாசி மதியங்களில் புறஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும், அதற்கு மேல் அளவுகோலில் கட்டமே கிடையாது. பாகூர் ஏரிப் பாசன வயலில் காலை எட்டு மணிக்குக் குனிந்து நாற்று நடத் தொடங்கினால் மேலேயிருந்து விழும் வெயில் போதாதென்று தேங்கிய தண்ணீரில் பட்டுத் தெறிப்பதும் முகத்துக்கே வருகிறது. அப்படிப்பட்டவரிடம் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் சிரிப்பார், சிரிக்க வேண்டியதுதான். சன்ஸ்கிரீன் வேலை செய்ய முகத்துக்கும் கழுத்துக்கும் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிழிந்து பூச வேண்டும். அப்படிப் பூசினால் ஒரு டியூப் ஒரு மாதம்கூட வராது. வியர்வையில் பாதி வழிந்துவிடும்.

நீங்கள் ஏற்கனவே செய்வதுதான் எனக்கு உயர்ந்ததாகத் தெரிகிறது. வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டு வேலைக்குப் போகிறீர்களே, அது நல்ல சன்ஸ்கிரீன். துண்டைச் சும்மாடாகச் சுற்றாமல் முன்பக்கம் நான்கு விரல் நிழல் விழும்படி இழுத்துக் கட்டுங்கள். கன்னத்தை மூடும்படி ஒரு முனையைச் சுற்றிவிடுங்கள். விளிம்பு அகலமான தொப்பி கிடைத்தால் இன்னும் நல்லது. நூறு நாள் வேலையில் இருப்பவர்கள் ஓய்வு நேரத்தை மரத்தடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுப்பின் அனலும் மங்கைக் கிளறும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், விறகடுப்புக்கு நேரே முகம் காட்டி ஊதுவதைக் குறைத்தால் நல்லது.

ஷிப்டுக்குப் போகிற, தையல் வேலை செய்கிற, கடையில் நிற்கிற தங்கச்சிகளுக்குச் சன்ஸ்கிரீன் பொருந்தும். வாங்குவதானால் எஸ்பிஎஃப் 30-க்கு மேல், லேசான பழுப்பு நிறம் கலந்த 'டின்டட்' வகையைக் கேளுங்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்கூட நிறமியைத் தூண்டுகிறது. வெள்ளை க்ரீம்கள் புறஊதாவைத் தடுத்தாலும் அந்த வெளிச்சத்தை விட்டுவிடும். டின்டட் க்ரீமில் உள்ள இரும்பு ஆக்சைடு அதையும் தடுக்கிறது. வில்லியனூர் சுடுமண் பொம்மைக்குச் சிவப்புக் கொடுப்பதும் இரும்பு ஆக்சைடுதான். (இதைப் படித்துவிட்டு செம்மண்ணைக் குழைத்துப் பூசி வராதீர்கள்.)

காசைப் பற்றியும் பேசிவிடலாம். அழகைச் சின்னப் பாக்கெட்டில் வாங்கும் பழக்கம் பாகூருக்குப் பக்கத்துக் கடலூரிலிருந்துதான் கிளம்பியது, ஷாம்பூ பாக்கெட்டோடு. அதே ஊரில் 1983-இல் தொடங்கிய நிறுவனம்தான் 1998-இல் குங்குமப்பூவும் பாலும் என்று சொல்லி 'ஃபேர்எவர்' க்ரீமைக் கொண்டுவந்தது. பாக்கெட் பாக்கெட்டாக வாங்கும்போது செலவு தெரிவதில்லை. ஒரு வருடத்தில் மங்குக்கென்று போன காசை எழுதிப் பாருங்கள். என்னைக் கேட்டால் அந்தக் காசை இந்த வரிசையில் செலவழிப்பேன்: முதலில் நிழலுக்கு, பிறகு காரணத்தைக் கண்டுபிடிக்க, அதற்குப் பிறகுதான் க்ரீமுக்கு. க்ரீம் என்றால் ஒரே ஒன்று, மூன்று மாதம். நான்கை அடுக்கிப் பூசினால் எது வேலை செய்தது, எது எரித்தது என்று கடைசிவரை தெரியாது.

ஆறு மாதமாக மாறாத கறுப்பு, சாம்பல் நீலமாகத் தெரியும் கறுப்பு, அரிக்கும் கறுப்பு, திடீரென்று பெரிதாகும் மச்சம் இவற்றுக்குக் கடையில் நின்று யோசிக்க எதுவும் இல்லை. கரிக்கலாம்பாக்கம் சமுதாய நலவழி மையத்திலோ, ராமநாதபுரத்தில் இருக்கும் ஜிப்மர் கிராமப்புற சுகாதார மையத்திலோ காட்டி, தேவைப்பட்டால் ஜிப்மர் தோல் பிரிவுக்குச் சீட்டு வாங்குங்கள். ஸ்டீராய்டை மாதக்கணக்கில் பூசியவர்கள் ஒரே நாளில் நிறுத்திவிட்டு வீட்டில் எரிச்சலோடு கிடக்க வேண்டாம். அதை எப்படி இறக்குவது, இடையில் என்ன பூசுவது என்று டாக்டர் சொல்வார். எரிச்சல் சில வாரமும் நீடிக்கும், சில மாதமும் நீடிக்கும். அந்த நேரத்தில் "முன்ன போட்டதுலதான் நல்லா இருந்துச்சு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லாமல் இருந்தாலே பெரிய உதவி.

குழுத் தலைவிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்தில் கணக்கு வாசித்து முடித்ததும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கும் டியூப், டப்பா எல்லாவற்றையும் எடுத்து வரட்டும். படித்த பெண் ஒருத்தி உள்ளிருக்கும் பொருட்களின் பெயரை உரக்க வாசிக்கட்டும். மேலே சொன்ன நான்கு ஸ்டீராய்டுப் பெயர்களில் ஏதாவது காதில் விழுந்தால் அந்த டியூபை ஒரு பக்கமாக ஒதுக்கி வையுங்கள், பெயரே இல்லாத டப்பாவை இன்னொரு பக்கம். யார் கொண்டுவந்தது என்று கேட்டுச் சிரிக்க வேண்டாம், அடுத்த முறை கொண்டுவர மாட்டார்கள். என்னைக் கூப்பிட்டால் கடையை மூடிவிட்டு வருகிறேன்.

டியூப் வந்த அட்டைப்பெட்டியை எறிந்துவிடாமல் அதையும் எடுத்து வரச் சொல்லுங்கள். மருந்தின் பெயரில் பாதி டியூபைச் சுருட்டியதில் அழிந்துபோயிருக்கும், பெட்டியில் இருக்கும்.

அன்புடன்,
மருந்தாளுநர் ஒருத்தி,
வில்லியனூர்